வலப்பக்கத்து விளக்கு

எனக்கு முன்கோபம். மாத்தளையில் நாங்கள் வாடகைக்கு ஓட்டுகிற ஹயரிங் கார்களின் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவார்கள். நான் கார்க் கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே, "அண்ணனுக்கு இன்னைக்குக் காலையில தேத்தண்ணி கிடைக்கல போல" என்று சிரிப்பார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் தொண்டை வரை வந்த ஏச்சை அப்படியே விழுங்கினேன். அன்றைக்கு விழுங்கியதற்காக இன்றைக்கும் எனக்கு நானே நன்றி சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி அதைவிடப் பெரியது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. ஒரு ஃபேன் பெல்ட் அறுந்தால்கூட ஊரெல்லாம் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். என்னிடம் இருந்தது பதினைந்து வயதான ஓர் இங்கிலாந்துக் கார். அதை ஓட்டித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

மாரி காலத்தில் எங்கள் குசினிக் கூரைத் தகரம் ஒன்று காற்றில் பிய்ந்துகொண்டது. கூரை வேலை செய்யும் பாஸ் ஒருவர் இரண்டு நாளில் வந்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் பொறுக்க என்னால் முடியவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பொறுக்காத நான் கூரையிலிருந்து நேராகப் பூமிக்கு வந்தேன். வலது முழங்கை உடைந்தது. யட்டவத்தப் பக்கம் எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் பார்க்கும் வெதமாத்தயா ஒருவர் எண்ணெய்ப் பத்துப் போட்டுக் கட்டினார். மூன்று மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது எலும்பு பொருந்தியிருந்தது, வலியும் போயிருந்தது. ஆனால் முழங்கை பாதி மடங்கினபடி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் போய் எண்ணெய் தேய்த்துக்கொண்டால் வருஷக் கடைசியில் நீளும் என்று வெதமாத்தயா சொன்னார். அதுவரைக்கும் சோறு தின்னலாம், ஸ்டியரிங் பிடிக்கலாம். கையை மட்டும் நீட்ட முடியாது.

கையை நீட்டாத டிரைவர் அந்தக் காலத்தில் டிரைவரே இல்லை. வலப்பக்கம் திரும்ப வேண்டுமா, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நேராக நீட்ட வேண்டும். நிறுத்த வேண்டுமா, அதே கையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். பின்னால் வருகிறவனைப் போகச் சொல்வதும் அதே கைதான், திட்டுவதும் அதே கைதான். என் காரில் சிக்னல் விளக்குகள் இருந்தன. ஆனால் அவற்றைக் கலியாண ஊர்வலத்தில் அழகுக்குப் போடுவோமே தவிர வேறு எதற்கும் தொட்டதில்லை. விளக்கை நம்பித் திரும்புகிறவன் வேட்டியை நம்பி ஆற்றில் இறங்குகிறவன் என்று ஸ்டாண்டில் நானே பேசியிருக்கிறேன்.

கட்டு அவிழ்த்த மறுநாள் காரை எடுத்தேன். ஸ்டியரிங்கைச் சுற்றினேன், சரி. கியர் இடது கைதானே, அதுவும் சரி. வீட்டு முடுக்கில் இருந்து பெரிய பாதைக்குத் திரும்பும்போது வலது கை பாதியில் நின்றது. லொறிக்காரன் ஒருவன் பிரேக் அடித்து, என் அம்மாவை எல்லாம் கேட்டுவிட்டுப் போனான். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி வந்து பின்கதவைத் திறந்து, எனக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போகணும் உனக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க எங்க போறீங்களோ அங்கதான். வலதுன்னு சொல்லுங்க, நான் கையப் போடுறேன்."

"விளையாடுறியா?"

"விளையாட்டு என்னங்க இதுல? பின் ஜன்னலும் அதே பக்கம்தானே இருக்கு?"

கோயிலுக்கும் சந்தைக்கும் தவிர வெளியே இறங்காத பெண். ரோட்டில் ஆண்பிள்ளைகள் நின்றால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்ளுவாள். அப்படிப்பட்டவள் அன்றிலிருந்து ஒரு மாதம் என் வலது கையாக வந்தாள். நான் "வலது" என்றால் பின் ஜன்னலில் கண்ணாடி வளையல் போட்ட கை நீளும். "நிப்பாட்டு" என்றால் மேலும் கீழும் ஆடும். முதல் இரண்டு நாள் வெட்கத்தில் நீட்டின வேகத்தில் இழுத்துக்கொண்டாள். "வெத்திலையில சுண்ணாம்பு தடவுற மாதிரி தடவாத, நல்லா நீட்டு!" என்று நான் கத்தினேன். மூன்றாம் நாளிலிருந்து பொலிஸ்காரன் மாதிரி நீட்டினாள். ஹயருக்கு ஏறுகிறவர்கள் முதலில் முழித்தார்கள். தம்புள்ளைக்குப் போன கலியாண வீட்டுக் கிழவர் ஒருவர், "தம்பி, உன் காருக்குத்தான் வளையல் போட்ட சிக்னல் இருக்கு" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். மாதக் கடைசியில் பார்க்கிறேன், அவளுடைய வலது கை இடது கையைவிடக் கறுத்திருந்தது. வெயில் முழுவதையும் அந்த ஒரு கைதான் வாங்கியிருந்தது.

அப்போதுதான் யாரோ பெட்டிசம் அடித்தார்கள். கையெழுத்தில்லாத கடுதாசி. கை வழங்காத ஒருவன் ஹயரிங் கார் ஓட்டி மனித உயிர்களோடு விளையாடுகிறான் என்று பொலிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. சார்ஜன் என்னைக் கூப்பிட்டு, லைசனை வாங்கி வைத்துக்கொண்டு, அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வரும் மோட்டார் பரிசோதகரிடம் அனுப்பினார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஸ்டாண்டில் எனக்கு அடுத்த இடத்தில் கார் போடுகிறவர் ஒரு வஹகோட்டைக்காரர், சிங்களக் கத்தோலிக்கர், கண்ணாடியில் ஜெபமாலை தொங்கவிட்டிருப்பார். நான் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தபோது என் வழக்கமான ஆட்கள் அவருடைய காரில்தான் போனார்கள். வேறு யார் எழுதியிருப்பான்? நேராகப் போய் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்தேன், இடது கையால்தான். "பெட்டிசம் போட்டது நீதானே!"

அவர் என் கையை எடுத்துவிடக்கூட இல்லை. "எனக்கு எழுத்து வராது அய்யே" என்றார். அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "லைசனில் கையெழுத்துக்கே பெருவிரல்தான் வெச்சேன்."

ஸ்டாண்டே சிரித்தது. நான் அவரை நம்பவில்லை. எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனைப் பிடித்து எழுதியிருப்பான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பரிசோதகர் பதினைந்து நாளைக்கு ஒரு முறை கச்சேரிக்கு வருவார். நல்ல உயரம், சிரிப்பு என்பதே கிடையாது. என் முழங்கையை மடக்கிப் பார்த்தார், நீட்டப் பார்த்தார், ஸ்டியரிங்கைச் சுற்றச் சொன்னார். சிங்களத்தில்தான் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"கை நீளாவிட்டால் குற்றமில்லை. சட்டம் கையைக் கேட்கவில்லை, சிக்னலைக் கேட்கிறது. காரில் விளக்கு இருக்கிறதுதானே? இடது போடு."

போட்டேன். டிக் டிக் என்று முன்னும் பின்னும் அழகாக எரிந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"வலது."

போட்டேன். ஒரே ஒரு டிக். பின்விளக்கு எரிந்து அப்படியே நின்றது. முன்விளக்கு செத்துக் கிடந்தது. நான் சுவிட்சை ஆட்டினேன், டேஷ்போர்டைத் தட்டினேன், கீழே இறங்கி விளக்கில் ஒரு குத்து விட்டேன். அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"அடுத்த முறை நான் வரும்போது எரிய வேண்டும்" என்றார் பரிசோதகர். "எரியாவிட்டால் ஹயரிங் லைசனை ரத்துச் செய்ய எழுதுவேன். அதுவரை ஓட்டக் கூடாது." பின் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்து, "நோனாவின் கையைச் சட்டம் ஏற்காது" என்றும் சொன்னார்.

பதினைந்து நாள். அதற்குள் அந்த விளக்கு எரிந்தால் நான் டிரைவர். இல்லாவிட்டால், ஒரு கை மடங்கின மனிதனுக்கு மாத்தளையில் யார் என்ன வேலை கொடுப்பார்கள்?

டவுனின் ஓரத்தில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் காரைத் தள்ளிக்கொண்டு போனோம். எஞ்சின் பிரிப்பதில் நானாவுக்கு நிகர் இல்லை. லைட் வேலை என்றால் மட்டும், "கண்ணுக்குத் தெரியாத சாமானோட நமக்கு என்ன சங்காத்தம்" என்று சலித்துக்கொள்ளுவார். ஆனாலும் இல்லையென்று சொல்லவில்லை.

முதலில் இடப்பக்கத்து பல்பைக் கழற்றி வலப்பக்கத்தில் போட்டார். எரியவில்லை. வலப்பக்கத்து பல்பை இடப்பக்கத்தில் போட்டார். எரிந்தது. "பல்பு ரெண்டும் தங்கம்" என்றார். அடுத்தது சந்தேகம், டிக் டிக் என்று விட்டு விட்டு எரியவைக்கிற சின்னத் தகர டப்பாவின் மேல். பிளாஷர் என்போம். நாட்டில் எங்கும் புதிது கிடையாது.

"இடது பக்கம் வேலை செய்யுதுதானே நானா, அப்ப டப்பா எப்படி கெட்டிருக்கும்?"

"தம்பி, அரைக் கிறுக்கனும் பாதி நேரம் நல்லாத்தான் பேசுவான். இன்னொண்ணு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். எங்க போறது இன்னொண்ணுக்கு?"

யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. மறுநாள் காலையில் வஹகோட்டைக்காரர் கராஜுக்குள் வந்தார். என்னைப் பார்க்காமல் நானாவிடம் போய், சாரத்து மடியிலிருந்து ஒரு பிளாஷரை எடுத்து நீட்டினார். தன்னுடைய காரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார். "போட்டுப் பாருங்க. சரியா இருந்தா அவரே வெச்சிக்கட்டும். எனக்குத்தான் கை நீளுதே."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை போல் இருந்தது. காலரைப் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என்ன மனிதன் இவன் என்று நினைத்தேன். போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

அந்த பிளாஷரைப் போட்டும் விளக்கு எரியவில்லை. நானா ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டி, ஒரு நுனியை விளக்குக்குள் கரண்டு வருகிற இடத்திலும் மற்ற நுனியை பம்பரிலும் வைத்தார். பளீரென்று எரிந்தது.

"பாத்தீங்களா? கரண்டு வருது. பல்பும் நல்லது. டப்பாவும் நல்லது. அப்புறம் என்ன கேடு இதுக்கு?" நானா ஸ்பேனரை எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நாள் போயிருந்தது.

தபால் கந்தோரில் தந்தி வேலை பார்த்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் என் பழைய வாடிக்கை. லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் பெட்டி படுக்கையோடு அவரை ஸ்டேஷனில் விடுவது நான்தான். பதினோராம் நாள் மத்தியானம், கார் எப்போது ஓடும் என்று விசாரிக்க அவர் கராஜுக்கு வந்தார். நான் அன்றைக்கு இருந்த கடுப்பில், "ஓடாது ஐயா, இனிமே மாட்டு வண்டி பாத்துக்குங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. காருக்கு முன்னால் குந்திக்கொண்டு, "வலப்பக்கத்தை ஒருக்காப் போடும் பாப்பம்" என்றார்.

போட்டேன்.

"பொறும், பொறும். ஒரு சாக்கு இருந்தால் தாரும்." சாக்கை வாங்கி இடப்பக்கத்து விளக்கின் மேல் போர்த்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "ஐசே, இஞ்சை வாரும். நீர் வலப்பக்கம் போட, இடப்பக்கத்துச் சின்ன விளக்கு மினுங்குது."

நானும் நானாவும் மாறி மாறிச் சாக்குக்குள் தலையை விட்டோம். உண்மைதான். சாம்பல் மூடின கொள்ளிபோல், மிக மங்கலாக இடப்பக்கத்துப் பார்க்கிங் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

"யா அல்லாஹ்" என்றார் நானா. "வலதக் கேட்டா இடது கண் சிமிட்டுது."

"உதுக்கு எர்த் கிடைக்கேல்லை" என்றார் ஐயா. "கரண்டு போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வேணும். தந்திக் கம்பி ஒண்டுதானே இழுக்கிறம், அது திரும்பி வாறது நிலத்தாலை. இதிலை காரின்ரை உடம்புதான் நிலம். விளக்கு இருக்கிற இடத்திலை அந்தத் தொடுப்பு விட்டுப்போச்சு. அதாலை பாதை தேடி மற்றப் பக்கத்து விளக்குக்குள்ளாலை சுத்திப் போகுது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்கடை கந்தோரிலையும் கோடை வந்தால் எர்த் குழி காஞ்சுபோகும். நாங்கள் உப்புத் தண்ணி ஊத்துவம். உடனை நல்லா வேலை செய்யும்."

ஒரு துண்டு வயரை எடுத்து, ஒரு நுனியை பல்பு மாட்டுகிற கிண்ணத்திலும் மறு நுனியை பம்பரிலும் அழுத்தினார். டிக். டிக். டிக். முன்னும் பின்னும் மஞ்சள் வெளிச்சம் அடித்தது. நான் அந்த மனுஷனைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவருடைய வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பிக்கொண்டது.

"விடும், விடும். இன்னும் முடியேல்லை. ஏன் விட்டுப்போனது எண்டு பாக்க வேணும்."

நானா மூன்று திருகாணிகளைக் கழற்றி விளக்கை மட்கார்டிலிருந்து பிடுங்கினார். சுற்றியிருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. உள்ளே பச்சையும் மஞ்சளுமாகக் களிம்பு. வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நானா விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது விளக்கா, மீனு ஊறவெச்ச சட்டியா? மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி வெச்சிருக்கு!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "செய்வினை!" என்று கத்தினேன். "யாரோ செய்வினை வெச்சிருக்கான்! வயித்தெரிச்சல் புடிச்ச எவனோ!" பேய், கண்ணூறு, காற்றுக் கருப்பு என்று யார் சொன்னாலும் கேலி பண்ணுகிறவன் நான். வீட்டில் திருஷ்டிப் பூசணி கட்டியதற்கு அதைத் தூக்கிக் குப்பையில் எறிந்தவன். அன்றைக்கு அந்தக் கராஜில் நின்று செய்வினை என்று ஊரைக் கூட்டினேன். கோபம் வந்தால் எனக்குக் கொள்கையும் கிடையாது.

பிளாஷரைத் திருப்பி வாங்க வந்திருந்த வஹகோட்டைக்காரர் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார். கேட்க யாருமில்லாத இடத்தில் மெல்லச் சொன்னார்.

"அய்யே, சத்தம் போடாதீங்க. நீங்க வெள்ளிக்கிழமை காலையில முதல் பஸ்ஸில வெதமாத்தயாகிட்ட போறீங்கதானே? நான் அந்த நேரம் உங்க வீட்டுப் பக்கமாத்தான் காரைக் கொண்டு வருவேன். அந்த விளக்குல மஞ்சள் தண்ணி ஊத்துறது யாருன்னு நான் பாத்திருக்கேன். உங்க வீட்டு நோனாதான்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார்.

வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் ஏச்சைச் சேர்த்துக்கொண்டே போனேன். பதினோரு நாள்! லைசன் போகப் பார்த்தது! செய்வினை என்று ஊரைக் கூட்ட வைத்தது! இவளுடைய மஞ்சள் தண்ணி! போனதும் என்ன சொல்ல வேண்டும், எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் தயாராக இருந்தது.

அவள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். அந்தக் கறுத்த கைதான் முதலில் என் கண்ணில் பட்டது. அதைப் பார்த்ததும் தொடங்க வேண்டிய சொல் மறந்துபோனது.

"லைட்டு என்னாச்சுங்க?"

"என்ன கேடுன்னு கண்டுபிடிச்சாச்சு. நாளைக்கு முடிஞ்சிரும்." பிறகு, ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன்: "வெள்ளிக்கிழமையில காருக்கு ஏதாச்சும் ஊத்துவியா நீ?"

அவள் கை நின்றது. பூசணி போன இடத்துக்கே தன்னையும் எறிந்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. தலை நிமிராமல் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க. நீங்க கூரையில இருந்து விழுந்ததே கண்ணூறுதான். ஊரே பேசிச்சு. காருக்கும் பட்டிருமோன்னு பயந்து, மஞ்சளும் கல்லுப்பும் கரைச்சு ஊத்தினேன். நீங்க படுத்த நாள்ல இருந்து ஒரு வெள்ளிக்கிழமையும் விடல."

"அது சரி. ஏன் வலது பக்கம் மட்டும்?"

"உங்க கை அந்தப் பக்கம்தானே" என்றாள்.

நான் அங்கேயே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பெண் நான்கு மாதமாக என் உடைந்த கைக்கு மருந்து ஊற்றுவதாக நினைத்து ஒரு தகர விளக்கின் மேல் ஊற்றியிருக்கிறாள். கை ஒன்று போதாதென்று தன் கையையும் வெயிலில் நீட்டியிருக்கிறாள். அவளிடம் போய் நான் என்ன சொல்ல? உன் மஞ்சள்தான் விளக்கைத் தின்றது என்றா? தந்தி ஐயாவின் குழிக்கு உயிர் கொடுக்கிற உப்பு என் விளக்கைக் கொன்றது என்றா? வாயை மூடிக்கொண்டேன். "நல்லதுதான் செஞ்சிருக்க" என்று மட்டும் சொன்னேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில் அவள்தான் பயந்துபோனாள்.

மறுநாள் நானா மட்கார்டை அரத்தால் ராவி வெள்ளித் தகடாக்கினார். கிண்ணத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டினார். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் புது வளையம் போட்டு, உள்ளே வெசிலீன் அப்பினார். தந்தி ஐயா சொன்னபடி, எதற்கும் இருக்கட்டும் என்று கிண்ணத்திலிருந்து பம்பர் ஆணிக்குத் தனியாக ஒரு வயரும் இழுத்தார். வஹகோட்டைக்காரரின் பிளாஷரை நானே கொண்டுபோய் அவருடைய காரில் மாட்டினேன். மாட்டிவிட்டு, தம்பி என்று அவருடைய பாஷையிலேயே கூப்பிட்டு, "காலரப் புடிச்சதுக்கு மன்னிச்சிருங்க மல்லி" என்றேன். என் வாழ்நாளில் நான் கேட்ட முதல் மன்னிப்பு அதுதான். "அந்தச் சட்டை பழசுதான் அய்யே" என்றார். பெட்டிசம் போட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் அதோடு போயிற்று.

பரிசோதகர் வரும் நாள் காலையில் காரை வெளியே எடுத்தேன். பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"நீ எதுக்கு? சட்டம் ஒன் கைய ஏத்துக்காதுன்னு சொன்னாருதானே?"

"நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். சும்மா உக்காந்துக்கிறேன். போங்க."

கச்சேரியில் பரிசோதகர் எனக்குப் பக்கத்தில் ஏறினார். பின்னால் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தார். பாதையில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். இடது சரி. பிறகு இறங்கிக் கச்சேரி வாசலுக்கு எதிரே போய் நின்றுகொண்டு, வலப்பக்கம் திரும்பி உள்ளே வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

எதிரே லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. என் வலது கை என்னை அறியாமல் ஜன்னலுக்குப் போய்ப் பாதியில் நின்றது. அதை இறக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். டிக். டிக். டிக். முன்விளக்கின் மஞ்சள் வெளிச்சம் விட்டு விட்டு மட்கார்டில் விழுந்தது. லொறி வேகத்தைக் குறைத்தது. முருகா, எரிகிறது! நான் ஸ்டியரிங்கைச் சுற்றினேன். அப்போதுதான் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்: பின் ஜன்னலில் கறுத்த கை ஒன்று வளையலோடு நேராக நீண்டிருந்தது.

"கைய உள்ள எடு!" என்று பல்லைக் கடித்தேன்.

"ஐயோ, பழக்கத்துல வந்திருச்சுங்க!"

கார் வாசலுக்குள் போய் நின்றது. பரிசோதகர் மெதுவாக நடந்து வந்தார். விளக்கைக் குனிந்து பார்த்தார். பின் ஜன்னலைப் பார்த்தார். அவள் கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். அவர் கடுதாசியில் எதையோ எழுதி, கையெழுத்துப் போட்டு, என் லைசனோடு ஜன்னல் வழியாக நீட்டினார்.

"நான் எத்தனையோ டிரைவர்மாரைப் பார்த்திருக்கிறேன்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் மாறாமல். "இரண்டு வலது கை உள்ளவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். போ."

அதற்குப் பிறகு அந்தக் காரை ஏழெட்டு வருஷம் ஓட்டினேன். என் கையும் முக்கால்வாசி நீண்டது. அவள் வெள்ளிக்கிழமையில் மஞ்சள் தண்ணி ஊற்றுவதை விடவில்லை. இப்போது ஒளிக்காமல், நான் பார்க்கவே ஊற்றினாள். நான் சனிக்கிழமை காலையில் திருகாணியைக் கழற்றி, விளக்கைத் துடைத்து, வெசிலீன் வைத்து மூடிவிடுவேன்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"வாரா வாரம் அந்த ஒரு விளக்கையே கழட்டுறீங்களே, என்ன அதுல?"

"உள்ள பூச்சி போகுது" என்றேன்.

அவள் கழற்றி வைத்திருந்த விளக்கையும், அதன் ஓரத்தில் இருந்த மஞ்சளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் செம்போடு காரண்டை வந்தாள். ஒரு வாழையிலைத் துண்டை எடுத்து வலப்பக்கத்து விளக்கின் மேல் மூடி, நாரால் இறுக்கிக் கட்டினாள். அதற்குப் பிறகுதான் ஊற்றினாள்.